கொலம்பியாவின் துன்ஹா நகருக்குச் செல்வோருக்கான வழிகாட்டி: ஆவணம், செலவு, நேரம்

கொலம்பியா என்றதும் பயண நிறுவனங்கள் கார்த்தஹேனா, மெதெயின், பொகோட்டா என்ற மூன்று பெயர்களைத்தான் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் இடம்பெறாத துன்ஹா, போயாக்கா மாகாணத்தின் தலைநகரம். பொகோட்டாவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், மலைமேல் இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்களும் அரசு ஊழியர்களும் உருளைக்கிழங்கு பயிரிடும் உழவர்களும் நடமாடும் ஊர் அது. வெளிநாட்டவர் பெரும்பாலோர் அருகிலுள்ள வியா தே லெய்வா என்னும் சுற்றுலா ஊருக்குப் போகும் வழியில் அங்கே வண்டி மாறுவார்களே தவிரத் தங்குவதில்லை. இரண்டு இரவாவது தங்கிப் பார்க்க வேண்டிய ஊர் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கே போகத் தேவையான செய்திகளைத் திரட்ட நான் பல இடங்களில் அலைய வேண்டியிருந்தது. மேலைநாட்டவர் எழுதும் குறிப்புகளில் நமக்குரிய சிக்கல்கள் எதுவும் இருப்பதில்லை. ஆகவே எதை எப்போது செய்ய வேண்டும் என்ற வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

1. முதல் வேலை: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

விசாவுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். துன்ஹா குளிர்ந்த உயரமான ஊர் என்பதால் அங்கே இந்த நோயைப் பரப்பும் கொசுவின் அச்சம் இல்லை. ஆனால் இந்திய அரசின் விதி ஊரைப் பார்ப்பதில்லை, நாட்டைப் பார்க்கிறது. கொலம்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்டு 6 நாட்களுக்குள் இந்தியாவில் வந்து இறங்குபவரிடம் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால், அவரை விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தலுக்கு அனுப்ப அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. கொலம்பியாவுக்குள் நுழையும்போது யாரும் கேட்கவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டு, ஊர் திரும்பும்போது மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஊசியை எல்லா மருத்துவமனைகளிலும் போட மாட்டார்கள். அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையமும் துறைமுக சுகாதார அலுவலகமும் இத்தகைய மையங்கள். குறிப்பிட்ட நாட்களில் மட்டும், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் போடுவது வழக்கம். ஆகையால் கடவுச்சீட்டு அசலை எடுத்துக்கொண்டு நேராகப் போய் நிற்காமல், நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். சான்றிதழை வாங்கியவுடன் கடவுச்சீட்டு எண், பெயர், பிறந்த தேதி, முத்திரை ஆகியவற்றை அங்கேயே நின்று சரிபார்த்துவிடுங்கள், ஏனெனில் ஒரு எண் பிசகினாலும் திருத்த மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வர வேண்டும்.

இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. 60 வயதைக் கடந்தவர்கள், கருவுற்றிருப்பவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோர் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கொலம்பியாவின் தாழ்ந்த, வெப்பமான பகுதிகளுக்கும் போவதாக இருந்தால் ஊசி வெறும் காகிதத் தேவை அன்று. தொலிமா மாகாணத்தில் பரவிய மஞ்சள் காய்ச்சல் காரணமாக 2025 ஏப்ரலில் அந்நாட்டு அரசு சுகாதார அவசர நிலையையே அறிவித்தது.

2. விசா வேண்டுமா, வேண்டாமா?

இந்தியக் கடவுச்சீட்டுக்குக் கொலம்பிய விசா தேவை. ஆனால் ஒரு முக்கியமான விலக்கு உண்டு: உங்களிடம் அமெரிக்க விசாவோ, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவோ இருந்து, கொலம்பியாவுக்குள் நுழையும் நாளில் அது குறைந்தது 180 நாட்கள் செல்லுபடியாக இருந்தால், தனி விசா இல்லாமலே சுற்றுலாவுக்குப் போகலாம். அந்நாடுகளின் குடியிருப்பு அனுமதி வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். பலர் தவறுவது இங்கேதான். விசா செல்லுபடியாக இருந்தால் போதும் என்று எண்ணி, 180 நாள் நிபந்தனையைக் கவனிக்காமல் பயணச்சீட்டு வாங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவின் இடைவழிப் பயண விசா இந்த விலக்குக்கு உதவாது. சீட்டு வாங்கும் வாரத்தில் கொலம்பிய வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் நடப்பு விதியைப் படித்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். விதியை அறியாத விமான நிறுவன ஊழியர் ஒருவரிடம் அதைக் காட்ட வேண்டி வரலாம்.

விலக்கு இல்லாதவர்கள் இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், சிறிய கோப்பாக, 300 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். கடவுச்சீட்டின் விவரப் பக்கம், வங்கிக் கணக்கு அறிக்கை, போய்வரும் விமானச் சீட்டின் முன்பதிவு, தங்குமிடம், எதற்காக வருகிறீர்கள் என்ற விளக்கக் கடிதம் ஆகியவற்றைத் தனித்தனி பிடிஎஃப் கோப்புகளாக ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். துன்ஹா போன்ற ஊரைப் பயணத்திட்டத்தில் எழுதினால், ஏன் அங்கே என்ற ஐயம் அதிகாரிக்கு எழலாம். விளக்கக் கடிதத்தில் நாள்வாரியாக எங்கே தங்குவீர்கள், எதைப் பார்ப்பீர்கள் என்று நான்கு வரி எழுதினால் அந்த ஐயம் தீர்ந்துவிடும்.

கட்டணம் இரண்டு பகுதி: விண்ணப்பத்தை ஆராய்வதற்கு ஒன்று, விசா வழங்குவதற்கு ஒன்று. முதல் தொகை எந்த நிலையிலும் திரும்ப வராது. முடிவு சொல்ல 30 நாட்கள் வரை எடுத்துக்கொள்வார்கள். இடையில் கூடுதல் ஆவணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் அதற்கு ஒரு கெடு இருக்கும். அந்த மின்னஞ்சல் வேண்டாத அஞ்சல்களுக்குள் போய் ஒளிந்துகொள்வது உண்டு என்பதால் நாள்தோறும் அங்கேயும் பாருங்கள். மொத்தத்தில் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பாகத் தொடங்குவது பாதுகாப்பானது.

3. குடும்பப் பெயர் இல்லாத கடவுச்சீட்டு

நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் வெறுமையாகவே இருக்கும். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் இருப்பது வழக்கம். ஆகவே அவர்களுடைய படிவங்கள், பேருந்து முன்பதிவுத் தளங்கள் உட்பட, அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே நகர விடுவதில்லை.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான். விமானச் சீட்டில் பெயர் எப்படிப் பதிவாகிறது என்பதை முதலில் விமான நிறுவனத்திடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்வார்கள். குடிவரவுப் படிவம், விடுதி முன்பதிவு, பயணக் காப்பீடு என்று பிற எல்லாவற்றிலும் அதையே எழுத்துக்கு எழுத்து பின்பற்றுங்கள். கடவுச்சீட்டில் முன்னெழுத்தாக இருப்பதை நீங்களாகத் தந்தை பெயராக விரித்து எழுத வேண்டாம். ஒரு காகிதத்தில் விரிவும் இன்னொன்றில் சுருக்கமும் இருந்தால்தான் கேள்விகள் கிளம்பும். விசா விண்ணப்பத்தில் மட்டும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதி, குடும்பப் பெயர் இல்லை என்பதை விளக்கக் கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

4. விமானச் சீட்டு

இந்தியாவிலிருந்து கொலம்பியாவுக்கு நேரடி விமானம் கிடையாது. மாட்ரிட், பாரிஸ், பிராங்க்ஃபர்ட், ஆம்ஸ்டர்டாம், இஸ்தான்புல் ஆகியவை வழக்கமான இடைநிலையங்கள். அமெரிக்கா வழியாகப் போனால், விமான நிலையத்தைவிட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா கட்டாயம். ஐரோப்பிய நாடுகள் சில, இந்தியர்களிடம் இடைநிலைய விசா கேட்கின்றன. எந்த நாடு கேட்கிறது என்பது அவ்வப்போது மாறுவதால், விலை குறைவாக இருக்கிறதே என்று சீட்டைப் பிடிக்கும் முன் அந்தந்தத் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு தனிச் சீட்டுகளாக வாங்கினால் இடையில் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருக்கும், அப்போது முழு விசாவே தேவைப்படும். ஒரே சீட்டாக வாங்குவதற்குச் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் அதுவே நல்லது.

திரும்பும் சீட்டின் அச்சுப்படி கையில் இருக்கட்டும். பொகோட்டாவுக்கு விமானம் ஏறும் இடத்திலேயே அதைக் கேட்பார்கள்.

5. செக்-மிக் படிவம்

கொலம்பியக் குடிவரவுத் துறையின் இணையப் படிவத்துக்கு இந்தப் பெயர். விமானம் புறப்படுவதற்கு 72 மணி நேரம் முன்பிலிருந்து 1 மணி நேரம் முன்பு வரை இதை நிரப்பலாம். நாட்டுக்குள் வரும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் தளங்களில் சில, அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும். கடன் அட்டை எண்ணைக் கேட்ட உடனேயே அது உண்மையான தளம் அன்று என்று முடிவு கட்டிவிடலாம்.

குடிவரவு அதிகாரி பொதுவாக 90 நாட்களுக்கு முத்திரை குத்துவார். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மேசையைவிட்டு நகரும் முன் பாருங்கள், விடுதியில் அதற்கு வேலை இருக்கிறது.

6. தேதியைத் தேர்ந்தெடுத்தல்

கொலம்பியாவில் பல விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்கு மாற்றிவிடும் சட்டம் உண்டு. ஆண்டில் பல வாரங்கள் மூன்று நாள் விடுமுறையாக அமைந்துவிடுகின்றன. அத்தகைய வாரங்களில் வெள்ளி மாலை பொகோட்டாவிலிருந்து வடக்கே போகும் சாலையும், திங்கள் மாலை நகருக்குள் திரும்பும் சாலையும் நெரிசலில் திணறும். வழக்கமாக மூன்று மணி நேரத்தில் முடியும் பயணம் எவ்வளவு நீளும் என்று சொல்ல முடியாது. கொலம்பிய விடுமுறை நாள்காட்டியை எடுத்துவைத்துக்கொண்டு, செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாட்களில் துன்ஹா பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 16 முதல் நத்தார் வரையிலான நாட்களில் அகினால்தோ போயாசென்சே என்னும் பெருவிழா நடக்கும். விழாவுக்காகவே போவதானால் அறையை மிக முன்னதாகப் பதிவு செய்யுங்கள், அமைதியான ஊரைப் பார்க்க விரும்பினால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை கூடுதல்.

7. பணம்

நம் ரூபாயை அங்கே மாற்ற முடியாது. சிறிதளவு டாலரும், வெளிநாட்டில் பயன்படும் அட்டைகள் இரண்டும் எடுத்துச் செல்லுங்கள். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கப்பட்டிருக்கும். அதை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல் இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதால் அந்த எண்ணுக்கு ரோமிங் வசதியைப் புறப்படும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 40 முதல் 50 கொலம்பிய பெசோ என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டால் போதும். ஏடிஎம்மில் ஒரு முறைக்கு எடுக்கக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு, ஒவ்வொரு முறையும் கட்டணமும் பிடிப்பார்கள். திரை உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், அந்த மாற்று விகிதம் எப்போதும் நமக்கு நட்டம். 1,00,000 பெசோ நோட்டைச் சிறு கடைகளிலும் வாடகை வண்டிகளிலும் வாங்கத் தயங்குவார்கள். 10,000, 20,000 நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் பணம் செலுத்தும்போது கடைக்காரர், “குவாந்தாஸ் குவோத்தாஸ்?” என்று கேட்பார். எத்தனை தவணை என்று பொருள். “ஊனா”, அதாவது ஒன்று என்று சொல்லிவிடுங்கள். உணவகத்தில் பில் கொண்டுவரும்போது சேவைத் தொகையாக 10 விழுக்காடு சேர்க்கலாமா என்று கேட்பார்கள். அது கட்டாயம் இல்லை, ஆனாலும் மரியாதையாகக் கவனித்துக்கொண்டவர்களுக்குக் கொடுப்பதே முறை.

8. பொகோட்டாவிலிருந்து பேருந்து

பொகோட்டாவில் துன்ஹா பேருந்து கிடைக்கும் நிலையங்கள் இரண்டு: விமான நிலையத்துக்கு அருகில் சாலித்ரே, நகரின் வட முனையில் வடக்கு நிலையம். விமானத்திலிருந்து இறங்கி நேரே போவோருக்குச் சாலித்ரே வசதி. ஆனால் அங்கிருந்து புறப்படும் வண்டி நகர நெரிசல் முழுவதையும் கடந்துதான் வெளியே வர வேண்டும். நகரின் வடபகுதியில் ஓரிரவு தங்கி, காலையில் வடக்கு நிலையத்தில் ஏறுவதையே நான் பரிந்துரைப்பேன். நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் இரவில் மலைச்சாலையில் போவதைத் தவிர்ப்பதற்கும் இதுவே வழி.

நாள் முழுவதும் அடிக்கடி வண்டி இருப்பதால் சாதாரண நாட்களில் முன்பதிவு தேவையில்லை. நிலையத்துக்குள் நுழைந்ததும் ஊர்ப்பெயரைக் கூவி அழைப்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களைக் கடந்து கவுண்டர்களுக்குப் போய், அடுத்து எந்த வண்டி புறப்படுகிறது என்று கேட்டு வாங்குங்கள். பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் கேட்பார்கள். கட்டணம் நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். பெரிய பெட்டியை அடியில் வைத்தால் அதற்கான சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கடவுச்சீட்டு, பணம், கைபேசி அடங்கிய பை மடியிலேயே இருக்கட்டும், தலைக்கு மேலுள்ள தட்டில் வேண்டாம்.

துன்ஹாவின் பேருந்து நிலையம் நகர மையத்தில் இல்லை, அங்கிருந்து வாடகை வண்டியில்தான் போக வேண்டும். ஏறும் முன் கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள். பொகோட்டாவில் தெருவில் போகும் வாடகை வண்டியைக் கைகாட்டி நிறுத்தாமல் செயலி வழியாகவோ விடுதி மூலமாகவோ அழைப்பது பாதுகாப்பு.

9. தங்குமிடமும் முகவரியும் குளிரும்

பொலிவார் சதுக்கத்துக்கு நடந்து போகும் தொலைவில் அறை எடுங்கள். பார்க்க வேண்டியவை அனைத்தும் அதைச் சுற்றியே இருக்கின்றன. தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். காயே 20, எண் 8-52 என்ற முகவரி, 20ஆம் காயே தெருவில், 8ஆம் கர்ரேரா தெரு வெட்டும் முனையிலிருந்து 52 மீட்டர் தள்ளி என்று பொருள்படும். இது புரிந்துவிட்டால் வரைபடம் இல்லாமலே ஊரைச் சுற்றலாம்.

நாட்டில் வசிக்காத வெளிநாட்டவர்களுக்கு விடுதிக் கட்டணத்தின் மீதான 19 விழுக்காடு வரி கிடையாது. அதற்குத்தான் கடவுச்சீட்டில் உள்ள நுழைவு முத்திரை வேண்டும். சிறிய விடுதிகளில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், பதிவு செய்யும்போதே நீங்கள் கேட்க வேண்டும். வெளிநாட்டு விருந்தினர் விவரத்தைக் குடிவரவுத் துறைக்கு அனுப்புவது விடுதியின் கடமை என்பதால் கடவுச்சீட்டைப் படியெடுத்தால் கவலைப்பட வேண்டாம்.

ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,820 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது ஊட்டியைவிட இன்னும் 600 மீட்டர் அளவுக்கு மேலே. அறைகளில் வெப்பமூட்டி இருப்பது அரிது. விடிகாலையில் தரை சில்லென்று இருக்கும். கூடுதல் கம்பளியும் வெந்நீரும் கிடைக்குமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். முதல் நாள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை லேசாக வலிக்கும். தண்ணீர் நிறையக் குடித்து மெதுவாக நடந்தால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். இதய, நுரையீரல் நோயுள்ளவர்கள் மருத்துவர் அனுமதியோடு மட்டுமே போக வேண்டும். வெயில் குளிராகத் தெரிந்தாலும் தோலைச் சுடும்.

மின்சாரம் 110 வோல்ட், தட்டையான இரு கம்பிச் செருகி. கைபேசி சார்ஜரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் செருகி மாற்றி மட்டும் போதும். நம் ஊர் மின்கெண்டி அங்கே உதவாது.

10. சாப்பாடு

நண்பகல் 12 முதல் 2 மணி வரை எல்லா உணவகங்களிலும் சூப், சோறு, பயறு, சாறு அடங்கிய அன்றைய சாப்பாடு கிடைக்கும். வயிறு நிறையச் சாப்பிடக் குறைந்த செலவு வழி அதுவே. இரவு எட்டு மணிக்கு மேல், குறிப்பாக ஞாயிறன்று, திறந்திருக்கும் கடை குறைவு.

சைவ உணவினர் தெளிவாகப் பேச வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழியோ பன்றித் தொடைக்கறித் துண்டோ வந்துவிடும். “சின் கார்னே, சின் போயோ, சின் ஹமோன்” என்று மூன்றையும் சொல்லுங்கள். பயறு, பீன்ஸ் குழம்புகளையும் பலர் பன்றிக்கொழுப்பில் சமைப்பார்கள். குச்சூக்கோ என்னும் கோதுமைச் சூப்பில் பன்றியின் முதுகெலும்பு கிடக்கும். காலையில் பாலும் முட்டையும் கொத்தமல்லியும் சேர்த்த சங்குவா சூப் கிடைக்கும்.

அரேப்பா போயாசென்சேயை மட்டும் தவறவிட வேண்டாம். உள்ளங்கையளவு தடித்த சோள அடை, சற்றே இனிப்பு. கல்லில் இரு பக்கமும் பழுப்புப் புள்ளிகள் விழச் சுட்டுக் காகிதத்தில் வைத்துத் தருவார்கள். பிட்டால் உள்ளே பாலாடைக்கட்டி இளகி ஆவி எழும். அந்தக் குளிரில், வெல்லம் கரைத்த சூடான அகுவாபனேலாவோடு இரண்டு சாப்பிட்டால் ஒரு வேளைக்குப் போதுமானது.

ஆங்கிலம் பேசுவோர் மிகக் குறைவு. மொழிபெயர்ப்புச் செயலியில் ஸ்பானிய மொழியை இணையம் இல்லாமலும் இயங்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

11. எதை எப்போது பார்ப்பது

அருங்காட்சியகங்கள் பல திங்களன்று மூடியிருக்கும். நண்பகல் இடைவேளைக்கும் அடைத்துவிடுவார்கள். தேவாலயங்கள் வழிபாட்டு நேரத்தை ஒட்டியே திறந்திருக்கும். ஆகவே காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, நண்பகலுக்குள் நகர மையத்தை முடியுங்கள்.

சாந்தோ தொமிங்கோ தேவாலயத்தின் செபமாலைச் சிற்றாலயம், சிவப்பும் தங்கமும் இழைத்த மரச்செதுக்கல்களுக்காகவே போக வேண்டிய இடம். அடுத்து ஹுவான் தே வர்காஸ் இல்லத்தின் மேற்கூரை ஓவியங்கள். ஐரோப்பிய அச்சுப் படங்களைப் பார்த்து வரைந்த யானைகளுக்கும் கிரேக்கத் தெய்வங்களுக்கும் நடுவே ஒரு காண்டாமிருகம் நிற்கிறது. 1515இல் குஜராத்திலிருந்து லிஸ்பனுக்கு அனுப்பப்பட்ட விலங்கை ஜெர்மானிய ஓவியர் டியூரர் வரைந்தாரே, அந்தப் படத்தின் வழிவந்தது அது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நான் அங்கே நெடுநேரம் நின்றேன். 1819 ஆகஸ்ட் 7 அன்று ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போர் நடந்த போயாக்கா பாலம் ஊருக்குத் தெற்கே பொகோட்டா சாலையிலேயே இருக்கிறது. பெட்டியோடு இறங்காமல் துன்ஹாவிலிருந்து தனியாகப் போய்வாருங்கள்.

வியா தே லெய்வாவுக்குச் சிற்றுந்துகள் அடிக்கடி உண்டு, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் மாலையில் வண்டிகள் சீக்கிரமே நின்றுவிடும், அங்கே இறங்கியவுடன் கடைசி வண்டியின் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

12. திரும்பும் நாள்

விமானம் புறப்படும் அன்றே துன்ஹாவிலிருந்து கிளம்ப வேண்டாம். மலைச்சாலையில் மண்சரிவோ மறியலோ ஏற்பட்டால் மாற்றுவழி நீண்டது. முந்தைய நாளே பொகோட்டாவுக்கு வந்து விமான நிலையத்துக்கு அருகில் தங்கிவிடுங்கள். வெளியேறுவதற்கான செக்-மிக் படிவத்தை அன்று இரவே விடுதி இணையத்தில் நிரப்பி, உறுதிச் செய்தியைக் கைபேசியில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். காலை நேர விமானமானால் வாடகை வண்டியையும் அப்போதே விடுதியில் சொல்லி வைத்துவிடுங்கள், பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும்.